விங்டிப் பூட்ஸ்: டெனிமுக்கும் கோட்டுக்கும் ஒரே சோடி போதுமா?

ஒரே சோடியை டெனிமோடும் போடலாம், கலியாண ரிசெப்ஷனுக்குக் கோட்டோடும் போடலாம். ஆனால் கடையில் விங்டிப் என்று எடுத்துத் தரும் எல்லாச் சோடியும் அதற்கு ஈடுகொடுக்காது. ஒரே வெட்டு, ஒரே தோல், ஒரே நிறமுள்ள இரண்டு பூட்ஸில் சோல் மட்டும் மாறினால் போதும். ஒன்று வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் கௌரவமாக நிற்கும், மற்றது கட்டட வேலை மேற்பார்வைக்குப் போகிற தோற்றம் தரும். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடை ஏறுவதற்கு முன்னும், கொழும்பிலிருந்து வரவழைப்பதற்கு முன்னும் எதைப் பார்க்க வேண்டும், வாங்கியதை எந்த உடுப்போடு போட வேண்டும், நம்மூர் வெக்கையிலும் உப்புக்காற்றிலும் எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் கீழே.

இறக்கையும் ஓட்டையும்

பூட்ஸின் முன்முனையில் தனியாக ஒரு தோல் தைத்திருக்கும். அது நடுவில் கூராக மேலேறி, இரு பக்கமும் இறக்கை விரித்தது போலப் பின்னுக்கு ஓடும். மேலிருந்து பார்த்தால் டபிள்யூ எழுத்து. இதுதான் விங்டிப். தோலின் ஓரம் வாள்பல் மாதிரி வெட்டியிருக்கும். அந்த ஓரத்தோடு பெரிய ஓட்டையும் சின்ன ஓட்டையுமாக வரிசை போகும், முனையில் ஓட்டைகளாலேயே ஒரு பூ இருக்கும். இந்த ஓட்டை வேலைக்குப் புரோக் என்று பெயர். கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சப்பாத்து என்றே அர்த்தம். ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் சதுப்பு நிலத்தில் நடந்தவர்கள், உள்ளே புகுந்த தண்ணீர் வடியட்டும் என்று தோலில் ஓட்டை போட்ட பழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். இன்றைய ஓட்டைகள் வெறும் அலங்காரம், அவற்றின் கீழே இன்னொரு தோலோ துணியோ இருக்கிறது. "ஓட்டையால காத்துப் போகும், கால் வேர்க்காது" என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு விலையைப் பேசுங்கள்.

குழப்பத்துக்குக் காரணம் இந்தப் பிறப்புத்தான். ஓட்டை வேலை வெளிவேலைச் சப்பாத்தில் தொடங்கியது. கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸும் அப்படியே. ஆகவே விங்டிப் பூட்ஸ், ஓட்டை ஒன்றும் இல்லாத கறுப்புச் சப்பாத்தைவிட இரண்டு படி கீழேதான் தொடங்குகிறது. மற்ற உறுப்புகள் அதை மேலே ஏற்றலாம், இன்னும் கீழேயும் இறக்கலாம்.

ஏற்றி இறக்கும் உறுப்புகள்

முதலில் சோல். பூட்ஸைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். கண் முதலில் மேல்தோலுக்குப் போனால் அந்தச் சோடி கோட்டுக்கும் வரும். சோலின் விளிம்புக்குப் போனால் டெனிமோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அளவாகச் சொன்னால், ஒற்றைத் தோல் சோல் ஏறத்தாழ 5 மி.மீ. தடிப்பு, இரட்டைச் சோல் ஏறத்தாழ 10. ட்ரக்டர் டயர் போலப் பள்ளம் விழுந்த ரப்பர் சோல் இன்னும் தடித்துத் தெரியும். அந்த வகைச் சோலை 1937 இல் இத்தாலியில் விட்டாலே பிரமானி மலையேறுகிறவர்களுக்காகச் செய்தார். மலைக்கு அருமையான சோல், மண்டபத்துக்கு ஆகாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் தோல் சோல் போல மெலிந்திருக்கும், கவிழ்த்தால் வட்டப் பொட்டுகள் பதித்த ரப்பர். இங்கிலாந்தின் டைனைட் சோல் இதற்குப் பெயர் போனது, அதே மாதிரியில் வேறு பலரும் செய்கிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான சோல் இல்லை. தோல் சோல் மாரிமழையில் தண்ணீர் குடித்துப் பஞ்சாகிவிடும், ஈர டைல்ஸில் வழுக்கும். பள்ளச் சோலுக்குள் மணல் அடைத்துக்கொண்டு போகிற வீடெல்லாம் கொட்டும்.

அடுத்தது வெல்ட். மேல்தோலுக்கும் சோலுக்கும் இடையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டி அது. 2 முதல் 3 மி.மீ. வரை நீட்டினால் ஒபிசுக்குச் சரி. 5, 6 என்று போனால் வேலைப் பூட்ஸ். பட்டி குதியைச் சுற்றியும் ஓடுகிறதா, குதிக்கு முன்னே நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். நின்றுவிட்டால் பின்பக்கம் ஒடுங்கித் தெரியும், அதுதான் வேண்டியது. பட்டியில் வெள்ளை அல்லது மஞ்சள் நூல் பளிச்சென்று தெரிவது சாதாரண உடுப்புக்குரியது. மற்றதெல்லாம் சரியாக இருந்து நூல் மட்டும் உறுத்தினால் வாங்கலாம், விளிம்புக்குப் பூசும் கடும் பிரவுண் மை அதை மறைத்துவிடும்.

லேஸ் கட்டும் இடத்தில் இரண்டு வகை. டெர்பியில் லேஸ் கண்கள் உள்ள மடல்கள் நாக்கின்மேல் தனியே கிடக்கும், அவிழ்த்தால் இரட்டைக் கதவு போல விரியும். பல்மோரலில் மடல்களின் அடி முன்தோலுக்குக் கீழே போய் மூடித் தைத்திருக்கும். பல்மோரல் ஒரு படி மேல் என்பது உண்மை. ஆனால் பாட்டாச் செருப்போடு வளர்ந்த கால் முன்பக்கம் அகன்றிருக்கும். புறங்காலும் உயர்ந்திருந்தால் பல்மோரல் மூடாமல் நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். மூடாத பல்மோரலைவிட ஒழுங்காகப் பொருந்திய டெர்பி எவ்வளவோ மேல். டெர்பியில் மேல் இரண்டு, மூன்று கண்களுக்குப் பதிலாகக் கொளுக்கி வைத்திருந்தால் தோற்றம் சற்று இறங்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏன் என்பது வாசற்படிக்கு வரும்போது தெரியும்.

நிறத்தில் கடும் பிரவுண், பால் விடாத கோப்பி நிறம், முதலிடம். நேவி நீலம், சாம்பல், டெனிம் மூன்றோடும் சேரும். பேர்கண்டி, அதாவது மங்குஸ்தான் தோலின் நிறம், சாம்பலோடும் நேவியோடும் அதைவிடவும் அழகு, காக்கியோடு மட்டும் கொஞ்சம் முறைக்கும். தேன் நிறத்து டான் பகலுக்கும் டெனிமுக்கும் நல்லது, இரவு விசேஷத்தில் காலடி மட்டும் வெளிச்சம் போட்டது போல் தெரியும். கறுப்பு விங்டிப் பூட்ஸைப் பாதுகாப்பான தெரிவு என்று நினைத்து வாங்குவார்கள். உண்மையில் அது இரண்டு பக்கமும் முழுதாகச் சேராது. டெனிமோடு பொலிஸ் சப்பாத்தை நினைவூட்டும், கறுப்புக் கோட்டோடு ஓட்டை வேலை அதிகப்படியாகத் தெரியும்.

வழுவழுப்பான தோலும் மெல்லிய லேஸும் மேலே ஏற்றும், சொரசொரப்பான தோல் கீழே இறக்கும். மயிர்போன்ற மேற்பரப்புள்ள ஸ்வேட் தோல் அழகுதான், ஆனால் மாரியில் பூஞ்சணமும் கச்சான் காற்றடிக்கும் காலத்தில் புழுதியும் அதைவிட்டுப் போகாது. இரட்டை நிற விங்டிப்பை பாண்ட் வாசிக்கிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

ஆக, ஒரு சோடிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால்: கடும் பிரவுண், வழுவழுப்புத் தோல், டெர்பி, பக்கத்துக்கு 6 அல்லது 7 கண், மெல்லிய பொட்டு ரப்பர் சோல், ஒடுங்கிய வெல்ட். வாரத்தில் ஐந்து நாள் ஒபிஸ், ஒரு நாள்தான் டெனிம் என்பவர்கள் இறக்கை வெட்டு மட்டும் இருந்து ஓட்டை இல்லாத வகையைத் தேடலாம். கிடைப்பது கொஞ்சம் கடினம், கிடைத்தால் கோட்டுக்கு இதுவே முந்தும்.

போலியைப் பிடிப்பது

விங்டிப்பில் ஒரு வசதி: ஓட்டைகளே உண்மையைச் சொல்லிவிடும். கைபேசி விளக்கை அடித்து முனையிலுள்ள பூவின் ஓட்டைக்குள் பாருங்கள். சுற்றுவட்டத்தில் நார் நாராகத் தோல் தெரிந்தால் சரி. வெள்ளைத் துணியோ பஞ்சோ தெரிந்தால் அது ரெக்சீன். ஓட்டையே இல்லாமல் குழி மட்டும் அழுத்தியிருந்தால் சந்தேகமே வேண்டாம், வைத்துவிடுங்கள். வாள்பல் வெட்டிய ஓரத்தை நகத்தால் தடவினாலும் தெரியும், ரெக்சீனில் மேலே ஒரு பிளாஸ்டிக் படை, கீழே துணி என்று இரண்டாகப் பிரியப் பார்க்கும்.

சோல் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதும் முக்கியம். வெல்ட்டின்மேல் தையல் தெரிவதை மட்டும் நம்பாதீர்கள், அச்சில் வார்த்த பொய்த் தையலும் உண்டு. மெல்ல வளைத்துப் பார்த்தால் உண்மை நூல் இழை இழையாக அசையும், வார்த்தது அசையாது. வெல்ட்டில் தைத்ததைச் சோல் தேய்ந்தபின் மாற்றிப் போடலாம். பூட்ஸுக்குள்ளே உள்ளங்கால் படும் இடத்தில் தையல் வரிசை தெரிந்தால் அது சோலை நேரே உள்தோலோடு தைத்த வகை. மெல்லியது, வளைந்து கொடுக்கும், ஆனால் சோல் மாற்ற அதற்கென்று மெஷின் வேண்டும். பசையில் மட்டும் ஒட்டியது மலிவு, எங்கள் வெக்கையில் முதலில் வாய் பிளப்பதும் அதுதான்.

எந்த உடுப்போடு

ஒபிசுக்கும் நேர்முகப் பரீட்சைக்கும் சாம்பல் அல்லது நேவி லோங்ஸ், வெள்ளை அல்லது இளநீலச் சேர்ட். பெல்ட் 30 முதல் 32 மி.மீ. அகலம், பூட்ஸுக்குக் கிட்டத்தட்ட ஒத்த நிறம். அச்சொட்டாகப் பொருந்த வேண்டியதில்லை, ஆனால் கறுப்புப் பெல்ட்டும் பிரவுண் பூட்ஸுமாகப் போக வேண்டாம். லேஸ் 2 முதல் 3 மி.மீ. தடிப்புள்ள உருண்டை, மெழுகு பூசியது, பூட்ஸைவிட ஒரு சாயல் இருண்டது. 6 கண்ணுக்கு 120 செ.மீ., அதற்கு மேல் என்றால் 140 செ.மீ. நீளம் வேண்டும்.

ரிசெப்ஷனுக்கு நேவி அல்லது கடுஞ்சாம்பல் சூட்டோடு தாராளமாகப் போடலாம், துணி கொஞ்சம் நெசவு தெரிவதாக இருந்தால் இன்னும் பொருந்தும். பளபளப்பான மெல்லிய துணி சூட்டுக்கு இந்தப் பூட்ஸ் பாரமாகத் தெரியும். மாப்பிள்ளை கறுப்பு சூட் போட்டால், மாப்பிள்ளைத் தோழனும் சேர்த்து, ஓட்டையில்லாத கறுப்புச் சப்பாத்து. கறுப்புக் கோட் போட்டு நீதிமன்றத்துக்குப் போகிறவர்களுக்கும் அதுவே.

டெனிமில் கடும் நீலம் முதலில், வெளிறியது பிறகு. கிழிசல் விட்டது வேண்டாம், மேலே கிழிந்த முழங்கால், கீழே பூவேலைத் தோல் என்றால் இரண்டும் இரண்டு ஆளுடைய உடுப்புப் போலிருக்கும். அடியை 4 செ.மீ. அளவில் ஒருதரம் மடித்துவிட்டால் பூட்ஸின் மேல்பகுதி தெரியும். தட்டையான பருத்தி லேஸ் மாற்றிக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் ஒரே சோடியை ஒபிசிலிருந்து வீட்டுக்கு இறக்க இதைவிட மலிவான வழி கிடையாது. பெல்ட்டும் 35 முதல் 38 மி.மீ. வரை அகலலாம்.

காக்கி, ஒலிவ் பருத்தி லோங்ஸுக்கு இந்தப் பூட்ஸ் இயல்பாகவே சேரும், யோசிக்கத் தேவையில்லை. லினன் சேராது. துணி காற்றில் ஆடும், பூட்ஸ் நிலத்தில் ஊன்றும். அரைக்காற்சட்டை, வேட்டி, சாரம் எதற்கும் கூடாது. வேட்டிக்குக் கீழே பூட்ஸ் தெரிந்தால் படம் பிடிக்கிறவர் காலை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். பெண்கள் போடுவதானால் நேர்வெட்டு லோங்ஸ் அல்லது முழங்காலுக்குக் கீழே வரும் தடித்த பாவாடையோடு நன்றாக இருக்கும். சேலைக்குக் கீழே ஓரத்தை மிதித்து இழுக்கும்.

டெய்லரிடம் கொண்டுபோக வேண்டியது

பாதிப் பேருக்கு மேல் பிழை விடுவது பூட்ஸில் இல்லை, லோங்ஸின் அடியில். வெறுங்காலோடு, இல்லாவிட்டால் செருப்போடு நின்று நீளம் அளந்தால், ஓர் அங்குலக் குதி உள்ள பூட்ஸ் போட்டதும் அடி மேலேறிவிடும். பூட்ஸைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள், கையில் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினால் போதாது.

பொட்டம் அளவுக்கு ஒரு கணக்கு: பூட்ஸின் மேல் விளிம்பை டேப்பால் சுற்றி அளந்து, அதோடு 4 முதல் 5 அங்குலம் கூட்டுங்கள். பெரும்பாலும் 15 அல்லது 16 அங்குலச் சுற்று வரும். இப்போது பொடியன்கள் தைக்கும் 12, 13 அங்குலப் பொட்டம் பூட்ஸின் மேல் விளிம்பில் தட்டி நின்றுவிடும். நிற்கும்போது தெரியாது, கதிரையில் இருந்து எழும்பினால் துணி விளிம்பின்மேல் குந்திக்கொண்டு இறங்காது. ரிசெப்ஷன் முழுவதும் குனிந்து இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 18 அங்குலத்துக்கு மேல் போனால் பூட்ஸ் முழுக்க மூடி முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

நீளம்: முன்பக்கம் துணி லேஸின் அடியில் மெல்லத் தொட்டு ஒரேயொரு சிறு மடிப்பு விழட்டும். பின்பக்கம் குதிக்கட்டை தொடங்கும் இடத்துக்கு ஒரு செ.மீ. மேலே நிற்கட்டும். டெனிமாக இருந்தால் முதலில் ஒருதரம் துவைத்துக் காயவைத்துவிட்டு அளவெடுங்கள், பருத்தி சுருங்கும். மெல்லிய பொலியெஸ்டர் துணியில் பூட்ஸின் மேல் விளிம்பு வரியாகப் புடைத்துத் தெரியும். துணிக்கடையில் விரலில் வளையமாகத் தொங்கவிட்டுப் பாருங்கள், தன் பாரத்தில் நேராக விழுந்தால் எடுக்கலாம், விரலோடு ஒட்டிச் சுருண்டால் வேறு துணி கேளுங்கள்.

காலுக்கு அளவு

பின்னேரம் போய்ப் போட்டுப் பாருங்கள், பகல் முழுக்க நடந்த கால் வீங்கியிருக்கும். பூட்ஸுக்குப் போடப்போகும் சொக்ஸையே கொண்டுபோங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஏறத்தாழ 12 மி.மீ. இடம் வேண்டும். குதி லேசாக மேலே எழும்புவது புதுத் தோலில் வழமை, சோல் வளைய வளையக் குறையும். விரல் நெரிவது மட்டும் குறையவே குறையாது. இறுக்கத்துக்கு நீளத்தைக் கூட்டாதீர்கள், அகலத்தைக் கூட்டுங்கள். இங்கிலாந்து அளவில் எஃப் என்பது வழமையான அகலம், ஜீ அதைவிட அகன்றது. அமெரிக்க அளவில் டீ வழமை, இரட்டை ஈ அகன்றது. ஒரு நம்பர் பெரிதாக எடுத்தால் மடங்கும் இடம் பிசகி, இறக்கையின் தையல் சுண்டுவிரல் மூட்டின்மேல் வந்து குந்தும். நடந்து பார்க்கும்போது அந்த மூட்டைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே தையல் உறுத்தினால் நாளடைவில் சரிவராது, ஏனென்றால் இறக்கை ஓரத்தில் தோல் இரண்டு படையாக இருக்கிறது. ஓட்டை வரிசையோடு தோல் வெடிக்கத் தொடங்குவதும் அதே இடத்தில்தான்.

புதிதாக வந்ததை நேரே வேலைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வீட்டில் பாயின்மேல் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் விட்டு இரண்டு மணித்தியாலம் என்று இரண்டு கிழமை பழக்குங்கள்.

வெக்கை, வாசற்படி, மோட்டார் சைக்கிள்

இந்த மூன்றும் எந்த வெளிநாட்டுப் பூட்ஸ் விளம்பரத்திலும் வராது.

கச்சான் வீசும் மாதங்களில் பூட்ஸுக்குள் கால் நனையும். முழுப் பருத்தி சொக்ஸ் வியர்வையைக் குடித்து அப்படியே வைத்திருக்கும், பருத்தியோடு செயற்கை இழையோ மெல்லிய மெரினோ கம்பளியோ கலந்தது சீக்கிரம் காயும். உயரம் பூட்ஸின் விளிம்பைத் தாண்ட வேண்டும், கணுக்கால் சொக்ஸ் போட்டால் விளிம்பு தோலை உரசிக் கொப்புளம் போடும். மேசை லாச்சிக்குள் இன்னொரு சோடி வைத்து மதியத்தில் மாற்றுங்கள். ஒரே பூட்ஸை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள், தோல் குடித்த வியர்வை வெளியேற ஒரு முழு நாளாவது வேண்டும். கிழமைக்கு மூன்று நாளைக்கு மேல் பூட்ஸ் என்றால் இரண்டாவது சோடியோ சாதாரணச் சப்பாத்தோ கட்டாயம்.

வாசற்படி. கோயிலில் மட்டுமல்ல, போகிற வீட்டிலெல்லாம் கழற்ற வேண்டும். 7 கண் முழுக்க லேஸ் கட்டிய பூட்ஸை நின்றபடி அவிழ்ப்பது சிரமம், உள்ளேயிருந்து "பரவாயில்ல, போட்டுக்கொண்டே வாங்க" என்று சொல்ல வைப்பது அதைவிடச் சங்கடம். கொளுக்கி வைத்த டெர்பிக்கு இங்கேதான் மதிப்பு, மேல் மூன்று கொளுக்கியை உருவி ஒரு கண்ணைத் தளர்த்தினால் கால் வந்துவிடும். வீடு வீடாக ஏறி இறங்கும் வெளிக்கள உத்தியோகத்தருக்கு லேஸ் பூட்ஸே வேண்டாம், இரு பக்கமும் எலாஸ்டிக் வைத்த விங்டிப் கிடைக்கிறது. உள்பக்கம் சிப் வைத்தது வசதிதான், ஆனால் மணலும் உப்பும் சிப்பின் பல்லை முதலில் தின்னும். செத்த வீட்டுக்குப் போகும்போது பூட்ஸ் போடாதீர்கள், வெளிவாசலில் நூறு செருப்புக்கு நடுவில் குந்தியிருந்து லேஸ் கட்ட வேண்டிவரும். வெளியே கழற்றி வைத்த பூட்ஸைத் திரும்பப் போடுமுன் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுங்கள், தேளுக்கும் தேரைக்கும் கணுக்கால் உயரப் பூட்ஸ் நல்ல வீடு.

மோட்டார் சைக்கிளில் கியர் இடது காலில். ஒவ்வொரு முறை கியர் ஏற்றும்போதும் கம்பி இடது பூட்ஸின் முனையில், அந்தப் பூவேலையின்மேல் நேரே உரசுகிறது. சில மாதத்தில் வலது புதிதாகவும் இடது பழையதாகவும் இருக்கும். கியர்க் கம்பியின் ரப்பர் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் செருகினாலும் போதும். குதியால் மிதித்து ஏற்றும் பின்மிதி உள்ள வண்டி என்றால் அதைப் பாவியுங்கள். உரசிய இடத்தை முதலில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, அதே நிறக் கிரீமை மெல்லியதாக மூன்று தரம் பூசுங்கள், ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் 15 நிமிடம். ஒரேயடியாகத் தடிப்பாக அப்பினால் கிரீம் ஓட்டைக்குள் இறங்கிக் காய்ந்து வெள்ளையாகப் பூக்கும்.

ஈர்க்கும் பிரஷும்

சாதாரணச் சப்பாத்துக்கும் விங்டிப்புக்கும் பராமரிப்பில் உள்ள வித்தியாசமே ஓட்டைகள்தான். மணலும் பழைய பொலிஷும் அதற்குள் அடையும். தென்னை ஈர்க்கு ஒன்றின் முனையைக் கடித்து நாராக்கி, ஓட்டைக்குள் விட்டு மெல்லச் சுழற்றினால் முழுக்க வந்துவிடும். ஊசி, பின் எதுவும் வேண்டாம், உள்தோலைத் துளைத்துவிடும், மழைத் தண்ணீருக்கு அது நேர்வழி. ஓர வரிசைக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ் போதும், உலர்ந்தபடியே தேய்க்க வேண்டும்.

போட்டுக் கழற்றிய ஒவ்வொரு முறையும் இவ்வளவு: லேஸை முழுக்கத் தளர்த்தி நாக்கை முன்னே இழுத்துவிடுங்கள், பிரஷால் புழுதியைத் தட்டுங்கள், சப்பாத்து உருக்குலையாமல் வைக்கும் கால்வடிவ மரக்கட்டை இருந்தால் உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்து, ஒரு மணித்தியாலத்தில் ஈரத்தாளை எடுத்துப் புதுத்தாள் போடுங்கள். நனைந்த பூட்ஸை வெயிலில், மதில்மேல், தகரக் கூரையில் காயவைக்காதீர்கள். தோல் சுருங்கி வெடிக்கும், பசை இளகும். காற்றாடிக்குக் கீழே, பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சோலும் காயும்.

கல்லடிக் கடற்கரைக்கோ பாசிக்குடாவுக்கோ இந்தப் பூட்ஸோடு போக வேண்டியதில்லை. போய்த் தண்ணீர் பட்டுவிட்டால், காய்ந்ததும் மேல்தோலில் வெள்ளைக் கோடு விழும். அது உப்பு. வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியைத் தோய்த்துப் பிழிந்து துடைக்க வேண்டும். கோட்டை மட்டும் துடைத்தால் அந்த இடம் தனியாகத் தெரியும், முழு முன்தோலையும் ஒரே சீராகத் துடையுங்கள். ஒரு நாள் நிழலில் காயவிட்டு, தோலுக்குரிய கண்டிஷனர் ஒரு கச்சான் பருப்பளவு எடுத்து ஒரு பூட்ஸுக்குத் தேயுங்கள். தேங்காயெண்ணெய் போடாதீர்கள். தோல் கறுத்துப் பிசுபிசுக்கும், புழுதி ஒட்டும், மாரி வந்ததும் பூஞ்சணத்துக்கு விருந்தாகும்.

கண்டிஷனர் இரண்டு மாதத்துக்கு ஒருதரம் போதும், கச்சான் காலத்தில் மாதம் ஒருமுறை. கிரீம் பூசுவது நிறத்துக்கு, டின்னில் வரும் மெழுகுப் பொலிஷ் மினுக்கத்துக்கு. ரிசெப்ஷனுக்கு முனையிலும் குதியிலும் மட்டும் மெழுகை ஏற்றி மினுக்குங்கள். மடங்கும் இடத்தில் மெழுகு பூசினால் முதல் அடியிலேயே வெடித்து வரி வரியாகும். டெனிமோடு போடும் நாளில் வெறும் பிரஷ் அடித்தால் சரி.

ஐப்பசி மழை தொடங்கினால் பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்த பூட்ஸ் பூஞ்சணம் பிடிக்கும். துணிப் பையில், சீமெந்து நிலத்தில் படாமல், அலுமாரியின் மேல்தட்டில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள், கிழமைக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றுப் படவிடுங்கள். பிடித்துவிட்டால் முற்றத்தில் வைத்து உலர் பிரஷால் தட்டி (வீட்டுக்குள் தட்டினால் அது அடுத்த சோடிக்குப் போகும்), அதே வினாகிரித் தண்ணீரால் துடைத்து, ஓட்டைகளை ஈர்க்கால் சுத்தமாக்கி, முழுக்கக் காய்ந்தபின்தான் கண்டிஷனர்.

விசேஷத்துக்கென்று வாங்கி ஒருதரம் போட்டுப் பெட்டியில் வைத்தவர்களுக்கு: சோல் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை என்றால், போடாமலே இருந்தாலும் காற்றின் ஈரம் அதை உள்ளிருந்து உடைத்துவிடும். வெளியே புதிது போலிருக்கும், மண்டபத்தில் பத்து அடி நடந்ததும் கேக் மாதிரி உதிரும். அது பசையில் ஒட்டாது, சோலையே மாற்ற வேண்டும். ஆகவே கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னே பெட்டியைத் திறந்து, பெருவிரலால் சோலின் பக்கத்தை அழுத்துங்கள், இரண்டு கையாலும் நடுவில் வளைத்துப் பாருங்கள். விரல் பதிந்து குழி மீளாமல் நின்றாலோ, மயிரளவு வெடிப்புத் தெரிந்தாலோ அன்றைக்கே சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். பொட்டு ரப்பர் சோல் அவரிடம் இருக்காது, கொழும்பிலிருந்து எடுக்கவும் தைக்கவும் அந்த ஒரு கிழமை வேண்டும்.